முந்நூற்று முப்பது கிராம் தலை

வெண்டலினின் நோட்டில் ஏறாமல் எதுவும் அந்த விமானத்தில் ஏறியதில்லை. ஒற்றைத் திருகாணியாக இருந்தாலும் முதலில் கடிதம் நிறுக்கும் சின்னத் தராசில் உட்கார வேண்டும், பிறகு நோட்டில், அதற்குப் பிறகுதான் விமானத்தில். பிசின் கலந்தால் கிண்ணத்தை முன்னும் பின்னும் நிறுத்துக் கழித்து, உள்ளே போனது எத்தனை கிராம் என்று எழுதிவிடுவான். வண்ணம் அடித்தால் காய்ந்தபின் மறுபடி நிறுப்பான், காயும்போது கொஞ்சம் எடை போய்விடும் என்பதால். இரண்டு குளிர்காலம் இப்படிக் கழிந்தது.

விமானம் என்றால் ஆள் ஏறுவதல்ல. பழைய ஸ்டார்ஃபைட்டர் போர்விமானத்தை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி. சுருக்கியும் நீளம் மூன்றே கால் மீட்டருக்கு மேல். இறக்கைகள் வெண்ணெய்க் கத்தி மாதிரிக் குட்டை. பின்புறம் நிஜ ஜெட் டர்பைன். மண்ணெண்ணெய் குடிக்கும், ஊரைக் கூட்டும். ஓட்டுகிறவர் தரையில் நின்று, கழுத்தில் மாட்டிய ரிமோட்டின் இரண்டு குச்சிகளால் ஓட்டுவார்.

அதை வாங்கியது வெண்டலினின் அக்கா ஹெடியின் கணவர், பல் மருத்துவர் கெர்னோட். இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால், வாத்துக் கறிக்கும் உருளைக்கிழங்கு உருண்டைக்கும் நடுவில், வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"காசு என்னுது, கை உன்னுது மாப்ள. கட்டி முடி. மொத மொதல்ல மேல ஏத்துறது நீதான்."

வெண்டலினுக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதும். செயற்கைக்கால் செய்யும் வேலையின் சம்பளத்தில் ஒரு டர்பைனின் தீப்பொறிக் கம்பியைத்தான் வாங்கலாம். பதினேழு வயதிலிருந்து மற்றவர்களின் ஜெட்டுகளைக் கட்டியிருக்கிறான், தள்ளியிருக்கிறான், விழுந்த வயலில் பொறுக்கியிருக்கிறான். ஒன்றைக்கூட ஓட்டியதில்லை. கார்பன் துணியைப் பிசினில் நனைத்துப் படியவைக்கும் வேலையில் மட்டும், மாவட்டத்தில் அவனுக்கு நிகர் இல்லை என்று அவன் நினைத்திருந்தான். அதையும் சந்தேகத்தோடுதான் நினைத்திருந்தான். விமானம் கட்டும் தன் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்.

தன்மேல் இருந்த அந்தச் சந்தேகத்தை அவன் மற்றவர்கள் விஷயத்தில் அலட்சியமாக மாற்றிக்கொண்டான். மாதிரி விமானச் சங்கத்தில் எவன் கட்டிய விமானத்தைப் பார்த்தாலும் அவன் உதடு ஒரு பக்கமாக இழுக்கும். பிருகரின் விமானத்தில் பிசின், ரொட்டியிலிருந்து ஜாம் வழிவது மாதிரி வழிந்திருக்கிறது. இன்னொருவன் கம்பிகளை நூடுல்ஸ் மாதிரி திணித்திருக்கிறான். அத்தான் கெர்னோட்டோ இந்த வரிசையிலேயே சேராதவர். செவ்வாய்தோறும் பட்டறைக்கு வருவார். மர வளையங்களை உடலுக்குள் ஒட்டும்போது, "நல்லா ஒட்டு" என்பார். எஃகுப் புகைக்குழாயை நுழைக்கும்போது, "பாத்து நுழை" என்பார். ஒரே ஒரு நாள் தானும் உதவுகிறேன் என்று சக்கரக் கதவை ஒட்டினார். கதவோடு தன் சுட்டுவிரலையும் சேர்த்து ஒட்டினார். மறுநாள் முதல், வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாமல் படுத்திருக்கும் நோயாளிகளிடமெல்லாம், "நான் ஒரு ஜெட் கட்டிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவந்தார்.

இத்தனைக்கும் நடுவில் வேலை நடந்தது. எரிபொருள் தொட்டி, சமநிலை இடத்தைக் காட்ட இறக்கைக்கு அடியில் வைத்த சிவப்புப் புள்ளிகளுக்கு நேர் மேலே வரும்படி உட்கார்ந்தது. அப்போதுதான் எரிபொருள் தீரத் தீர விமானத்தின் சமநிலை மாறாது. பாட்டரிகள் மூக்கின் நுனிவரை தள்ளப்பட்டன, பின்னால் இருக்கும் டர்பைனின் கனத்தை ஈடுகட்ட. சக்கரங்கள் காற்றழுத்தத்தில் மடங்கி, நாற்பது தடவை மடங்கி, நாற்பது தடவையும் நோட்டில் ஏறின.

பயமெல்லாம் ஒரே எண்ணைப் பற்றித்தான். இருபத்தைந்து கிலோ. எரிபொருளோடு சேர்த்து அதற்குள் இருந்தால் சங்கத்துத் தராசில் நிறுத்துவிட்டு அன்றே பறக்கலாம். ஒரு கிராம் கூடினால் ஆய்வாளர், சான்றிதழ், படிவம், இன்னொரு படிவம், ஆறு மாதம்.

பிப்ரவரியில் அத்தான் ஒரு வெல்வெட் பெட்டியோடு வந்தார். திறந்தார். உள்ளே அவருடைய தலை இருந்தது. ஆரஞ்சுப்பழ அளவு. பல்லுக்கு மேல் போடும் தொப்பியை வார்க்கும் இயந்திரத்தில், அந்தத் தொப்பிக்கான பிசினிலேயே, கெட்டியாகச் செய்திருந்தார். மூக்கு அவருடையது, இரட்டை நாடி அவருடையது. பல் வரிசை மட்டும் அவருடையதை விடச் சீராக இருந்தது.

"பைலட் சீட்டுல வைக்கறதுக்கு மாப்ள. ஹெல்மெட்டுக்குள்ள கச்சிதமா போகும். அளவெடுத்துத்தான் செஞ்சேன். கழுத்துல திருகாணி கூட வெச்சிருக்கேன்."

"சீட்டுல ஏற்கெனவே ஆள் இருக்கான் அத்தான். ஸ்பாஞ்சுத் தலை. இருபது கிராம்."

"அந்த ஸ்பாஞ்சுக்கு மூஞ்சியே இல்லையே."

"அதனாலதான் அவன் பேசாம உக்காந்திருக்கான்."

"எடையாவது போட்டுப் பாரேன்."

வெண்டலின் போடவில்லை. போட்டால் அது ஒரு பாகமாகிவிடும். நோட்டில் ஒரு வரி கேட்கும். பெட்டியை மூடி, அத்தானின் கையிலேயே வைத்து அனுப்பினான். அன்று பட்டறையில் எடை போடப்படாமல் போன பொருள் அது ஒன்றுதான்.

மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை சங்கத்தின் பறக்கும் நாள். அதற்கு முந்தைய புதன்கிழமை வெண்டலின் வேலைக்குப் போயிருந்தபோது, கெர்னோட் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் பட்டறைக்கு வந்து, விமானி அறையின் கண்ணாடி மூடியைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டுப் போனார். இந்த ஒரு உதவியை வெண்டலின் ஆட்சேபிக்கவில்லை. கண்ணாடியில் விரல் ஒட்டாது.

வியாழக்கிழமை மாலை கடைசி வேலை, சமநிலை. இறக்கைக்கு அடியில் இருக்கும் இரண்டு சிவப்புப் புள்ளிகளில் விமானத்தைத் தாங்கிகள்மேல் உட்காரவைத்து, அது கிடையாக நிற்கும் வரை மூக்கில் ஈயக் குண்டு போட வேண்டும். வெண்டலினின் கணக்குப்படி நானூறு கிராம் ஈயம் தேவை. அதைக் கூட்டினால் நோட்டின் மொத்தம் இருபத்தைந்து கிலோ எண்பது கிராம். எண்பது கிராம் அதிகம். அந்த எண்பது மூன்று வாரமாக அவனைத் தூங்கவிடவில்லை.

நூற்று அறுபது கிராம் போட்டதுமே மூக்கு இறங்கி, விமானம் மட்டத்தில் நின்றது.

மறுபடி பார்த்தான். நின்றது. மட்டக் குழாயைத் திருப்பி வைத்துப் பார்த்தான். நின்றது. வேறு எந்த நாளாக இருந்தாலும் கணக்கில் இல்லாத இருநூற்று நாற்பது கிராம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, விமானத்தை முழுக்கப் பிரித்திருப்பான். அன்று கேட்கவில்லை. மூக்குப் பகுதியை அவன் தன் கையால் கார்பனில் வார்த்தவன்; எடையை இவ்வளவு சரியாகப் பங்கிட்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. புகழ்ச்சி வந்த பக்கம் யாரும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. நூற்று அறுபது கிராம் ஈயத்தைப் பிசின் ஊற்றி மூக்கில் உறையவிட்டான். நோட்டில் எழுதினான்: *ஈயம், கணக்கு 400, தேவை 160 (மூக்கு வேலை மிக நன்று).* மொத்தம்: 24,840.

தொலைபேசியில் அத்தானிடம் அந்த எண்ணை இரண்டு முறை சொன்னான்.

"அப்ப சனிக்கிழம பறக்குது" என்றார் கெர்னோட். பிறகு தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு வெண்டலினுக்குப் பிடிக்கவில்லை. "மாப்ள, பத்திரிகைக்காரன் வர்றான். என் பேஷண்டுங்க முப்பது பேரு வர்றாங்க. நான் ரிமோட்டைப் பிடிச்சா நல்லாருக்கும்னு..."

"மொத மொதல்ல நான்தான்னு சொன்னீங்க அத்தான். அக்கா சாட்சி."

"சொன்னேன், சொன்னேன். சரி, இப்பிடி வெச்சுக்கலாம். தராசு இருபத்தஞ்சுக்குள்ள காட்டுனா நீ ஓட்டு. ஒரு கிராம் கூடக் காட்டுனாலும் பெட்ரோலைக் கொறச்சு நான் ஓட்டறேன். உன் நோட்டு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"அது பெட்ரோல் இல்ல, மண்ணெண்ணெய்."

"ஏதோ ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு, திங்கக்கிழம இன்ஸ்ப்ரூக்லேருந்து ஒருத்தன் வந்து அதை எடுத்துட்டுப் போறான். நான் பாய்மரப் படகுக்கு மாறிட்டேன்."

இரண்டு குளிர்காலத்தை அத்தான் ஒரே மூச்சில் விற்றுவிட்டார். ஆக, இருப்பது ஒரே ஒரு பறப்பு. அது இந்தச் சனிக்கிழமை. வெண்டலின் ஒத்துக்கொண்டான். நோட்டு அவன் பக்கம் இருந்தது.

சனிக்கிழமை மைதானத்தில் நாற்பது கார்கள். மாட்டிறைச்சி வெட்டி வைத்த ரொட்டி, கோதுமை பீர், சின்னப் பிள்ளைகளின் காதுக்கு மஞ்சள் அடைப்பான்கள். சங்கத் தலைவி லோய்பிள் அம்மா முப்பது வருஷம் தபால் நிலையத்தில் பார்சல் வாங்கியவர். ஓய்வு பெற்றபோது அங்கிருந்த பார்சல் தராசையும் கொண்டுவந்துவிட்டார் என்று பேச்சு. அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. தராசு சொல்வதற்கு மேல் பேச்சில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குத் தேவாலய மணி அடித்தால், அன்றைக்கு டர்பைன் எதுவும் சத்தம் போடக்கூடாது; பக்கத்துப் பண்ணைக்காரர் எழுதிய புகார்க் கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்டார்ஃபைட்டர் தராசில் ஏறியது.

"இருபத்தஞ்சு கிலோ நூத்தி அம்பது" என்றார் லோய்பிள் அம்மா, பார்சலுக்குத் தபால்தலை கேட்கிற குரலில்.

முதலில் சிரித்தவர் கெர்னோட். "என்ன மாப்ள, காலு செய்யறவன் கணக்கே காலை வாரிடுச்சா?"

"தராசு சரியில்ல" என்றான் வெண்டலின்.

லோய்பிள் அம்மா அவனைப் பார்த்தார். அவன் அந்த வாக்கியத்தை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டான். நோட்டைப் பிரித்தான். முந்நூற்றுப் பத்து கிராம் அதிகம். நாற்பத்தொரு பக்கத்திலும் முந்நூற்றுப் பத்து இல்லை. பிருகர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சிரிச்சுட்டேயிருப்பியே வெண்டலின், என் பிசினைப் பாத்து. நீ மட்டும் என்ன, வாளி வாளியாவா ஊத்தின?"

வெண்டலின் ஒவ்வொரு மூடியாகத் திறந்தான். சக்கரக் குழி. தொட்டி. டர்பைன் அறை. கடைசியில் விமானி அறை. சீட்டில் அதே ஆள், அதே ஹெல்மெட், முகத்தின்மேல் அதே கறுப்புக் கண்ணாடி. அந்தக் கறுப்புக் கண்ணாடியை விரல் நுனியால் மேலே தூக்கினான்.

அத்தான் அவனைப் பார்த்துச் சிரித்தார். எல்லாப் பல்லும் தெரிந்தது.

"புதன்கிழம கண்ணாடி தொடச்சீங்களே" என்றான் வெண்டலின் மெதுவாக.

"உள்பக்கமும் தொடச்சேன்" என்றார் கெர்னோட். "ஒரு தலை, என்ன பெரிய கனம் கனக்கப் போகுது?"

"உங்க தலைங்கிறதால நானும் அப்பிடித்தான் நெனச்சேன் டாக்டர்" என்றார் பிருகர். கூட்டம் சிரித்தது. முப்பது நோயாளிகளும், இம்முறை வாயை மூட அனுமதி இருந்தும், திறந்து சிரித்தார்கள்.

லோய்பிள் அம்மா சிரிக்கவில்லை. "நோட்ல தலை இருக்கா?"

"இல்லைங்க."

"நோட்ல இல்லாதது ப்ளேன்ல எதுக்கு? எடுங்க."

திருகாணி கழன்றது. தராசு இருபத்து நான்கு எண்ணூற்று இருபது காட்டியது. லோய்பிள் அம்மா ரப்பர் முத்திரையைக் குத்தினார். தலையில்லாத விமானிக்குமேல் மூடி மூடப்பட்டது. கெர்னோட் தன் தலையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

பந்தயம் வெண்டலினுக்கு. இருபது வருஷத்தில் முதல் முறையாக ரிமோட்டின் வாரை அவன் தன் கழுத்தில் மாட்டினான். வார் தோலின் குளிர்ச்சி நன்றாக இருந்தது. அத்தானின் முகம் அதைவிட நன்றாக இருந்தது. ஓடுபாதையோரம் விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய், நிறுத்தி, எல்லாம் முறைப்படி இருக்க வேண்டுமென்று நோட்டை எடுத்தான். *தலை, நீக்கப்பட்டது* என்று எழுதி, எடையைக் கழிக்க வேண்டும்.

எதிலிருந்து கழிப்பது என்று தெரியவில்லை. சேர்த்தால்தானே கழிப்பதற்கு. தலை எந்த நாள் உள்ளே போனது என்று பார்க்கப் பக்கத்தைத் திருப்பினான். புதன். அடுத்த வரி வியாழன். *ஈயம், கணக்கு 400, தேவை 160.*

அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் படித்தான்.

மூக்கு வேலை நன்றாயிருந்ததால் குறைந்த ஈயமல்ல அது. ஹெல்மெட்டுக்குள் உட்கார்ந்திருந்த மண்டை, விமானத்தின் முன்பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு குளிர்காலத்தில் அவன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட ஒரே பாராட்டு, அத்தானின் தலைக்குச் சேர வேண்டியது.

ஹெடி ரொட்டியைத் தின்றுகொண்டே வந்தாள். "என்னடா, வெளுத்துப் போயிட்ட?"

"அக்கா, அதை ஓரமா வெச்சுட்டு இந்தப் பக்கம் வா. றெக்கைக்கு அடியில சிவப்புப் புள்ளி தெரியுதா? அதுக்கு நேரா உள்ளங்கையைக் குடு. நான் சொன்னதும் தூக்கு."

இருவரும் தூக்கினார்கள். மூக்கு நிதானமாக வானத்தைப் பார்த்தது. வால் புல்லில் உட்கார்ந்தது.

"வாலு உக்காருதே."

"மெதுவா பேசு."

"உக்காரலாமா?"

"கூடாது. இப்பிடிக் கெளம்புனா மூக்கு மேல போகும், எறங்காது. அஞ்சு செகண்டுல பொரண்டு விழும். சரியா அந்த பீர்க் கடைக்குப் பக்கத்துல."

ஹெடி பீர்க் கடையைப் பார்த்தாள், பிறகு தம்பியை. "ஈயம் போட்டுடு."

"ஈயம் வீட்ல இருக்கு. பிசின் ஊத்துனா இறுகப் பன்னெண்டு மணி நேரம் ஆகும். டேப்பு போட்டு ஒட்டுனா தலைவியம்மா ரிமோட்டைப் பிடுங்கிடுவாங்க. போன வருஷம் பிருகர் ஒட்டுன பாட்டரி கூரைல விழுந்ததுலேருந்து எல்லாம் திருகாணில இருக்கணும்."

"அப்ப பம்ப்பு வேல செய்யலைன்னு சொல்லிடு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"இன்னொரு நாள் இது இன்ஸ்ப்ரூக்ல இருக்கும்."

அந்த விமானத்தில் திருகாணியோடு, கச்சிதமாக, சரியான இடத்தில் ஒரு நிமிடத்தில் மாட்டக்கூடிய கனமான பொருள் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது யார் பையில் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். மணி பதினொன்று இருபது. வெண்டலின் பொய்களை ஒவ்வொன்றாக எடுத்து மனதுக்குள் நிறுத்துப் பார்த்தான். எல்லாம் எடை குறைந்தவை. சொல்லாமல் பறக்கவிட்டால் என்ன என்றும் ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காகவே அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. நாற்பத்தொரு பக்கம் எழுதிய கை அது.

கெர்னோட் பத்திரிகைக்காரனிடம் தான் எப்படி மர வளையங்களை ஒட்டினார் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான். அந்தத் தலை வேணும்."

"எந்தத் தலை?"

"பையில இருக்கறது."

"கேக்கல மாப்ள. டர்பைன் சத்தம்."

டர்பைன் எதுவும் ஓடவில்லை. வெண்டலின் குரலை உயர்த்திச் சொன்னான். மூக்கு லேசாக இருக்கிறது, தலை இருந்தபோதுதான் சமநிலை பார்த்தது, அது இல்லாமல் பறந்தால் விழும். பிருகர் பீர்க் கோப்பையை இறக்கிவைத்தார், இதை முழுக்கக் கேட்பதற்காக.

"இரு, நான் சரியாப் புரிஞ்சுக்கறேன்" என்றார் கெர்னோட், பத்திரிகைக்காரனின் தோளில் கை போட்டபடி. "என் தலை இல்லாம இந்த ப்ளேன் பறக்காது."

"ஆமாம்."

"என் தலையால பறக்குது."

"தலையோட கனத்தால."

"எழுதிக்கங்க சார்" என்றார் கெர்னோட் பத்திரிகைக்காரனிடம். பிறகு அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. "அப்ப தலை உள்ள போனா இருபத்தஞ்சுக்கு மேல. பந்தயம் என்னுது. ரிமோட்டைக் குடு."

லோய்பிள் அம்மா குறுக்கிட்டார். "பந்தயமெல்லாம் வீட்ல வெச்சுக்கங்க. தலை உள்ள போகட்டும், எரிபொருள் எறநூறு கிராம் வெளிய வரட்டும், நான் மறுபடி நிறுக்கறேன். யார் ஓட்டறதுன்னு ப்ளேன் யாருதோ அவர் சொல்லட்டும். பன்னெண்டு அடிச்சா யாரும் ஓட்டப்போறதில்ல."

வெண்டலின் வாரைக் கழற்றினான். கழுத்திலிருந்து தலைவழியாகக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகக்கூடாது, ஆயிற்று. கெர்னோட் அதை மாட்டிக்கொண்டார். குச்சிகளில் கட்டைவிரல்களை வைத்தார். முப்பது நோயாளிகளும் பார்த்தார்கள். பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கினான்.

போன இலையுதிர்காலத்தில் அத்தான் ஓட்டிய ஸ்பாஞ்சு விமானம் பண்ணைக்காரரின் மாட்டுக் கொட்டகைக்குள் ஜன்னல்வழியாக நுழைந்தது. அதன் எடை ஒன்றரைக் கிலோ. அதை இப்போது நினைத்துக்கொண்டிருப்பது தான் மட்டுமல்ல என்று வெண்டலினுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அத்தானின் கட்டைவிரல்கள் குச்சிகளிலிருந்து இறங்கிவிட்டிருந்தன. நாள் முழுவதும் அடுத்தவர் வாய்க்குள் பயமில்லாமல் போகிற கை.

"மாப்ள" என்றார் கெர்னோட், உதடு அசையாமல். "தரையை விட்டுக் கெளம்பறப்போ இது என்ன வேகத்துல போகும்?"

"நூத்தி முப்பது. மேல போயி முன்னூறு."

"திரும்பி நம்ம பக்கம் வர்றப்போ இடது வலதெல்லாம் மாறிடுமில்ல?"

"மாறிடும்."

கெர்னோட்டின் முகம் தெளிந்தது. தனக்குச் சாதகமான வழி தெரியும்போதெல்லாம் அப்படித் தெளியும். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் உள்ள உக்காந்துக்கறேன் மாப்ள. பைலட் நான். கீழ நின்னு குச்சியாட்டறது நீ செய். ஆனா ஒண்ணு. நோட்டுல எழுதணும். இங்கயே, இப்பவே."

வெண்டலின் நோட்டை எடுத்தான். முதல் முறையாக அந்தக் கை எழுதத் தயங்கியது. *தலை, ஒன்று. 330 கிராம். தேவையானது.*

கெர்னோட் அவன் தோள்வழியாகப் படித்தார். "தேவையானதா? திருகாணிக்கும் அதேதான போட்டிருப்ப."

"வேற என்ன போடறது?"

"இன்றியமையாதது."

"டாக்டர் சொல்றதும் நியாயம்தான்" என்றார் பிருகர். "சத்தமாப் படி வெண்டலின். காது கேக்காத பேஷண்டு நாலு பேரு இருக்காங்க."

மணி பதினொன்று நாற்பது. வெண்டலின் அடித்து, திருத்தி, சத்தமாகப் படித்தான். கைதட்டல் எழுந்தது. அவன் வாழ்நாளில் அவனுடைய எழுத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அதைத் தலைதான் குனிந்து வாங்கிக்கொண்டது, கெர்னோட் அதைக் கையில் பிடித்து அப்படி ஆட்டினார்.

தலை தன் இடத்துக்குப் போயிற்று. வெண்டலினே திருகினான், கால்சுற்று அதிகமாகவே. எரிபொருள் இறக்கி நிறுத்ததில் இருபத்து நான்கு தொள்ளாயிரத்து ஐம்பது. அக்காவும் அவனும் சிவப்புப் புள்ளிகளில் தூக்கிப் பார்த்தார்கள். விமானம் மேசை மாதிரி நின்றது. வார் மறுபடி அவன் கழுத்துக்கு வந்தது.

டர்பைன் முனகி, கீச்சிட்டு, பிறகு அடிவயிற்றிலிருந்து முழங்கியது. சூடான மண்ணெண்ணெய் வாசனை புல்லின்மேல் பரவியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வெண்டலின் இடது குச்சியைத் தள்ளினான். நீண்ட மூக்கு ஓடுபாதையில் சறுக்கி, சறுக்கி, அவன் குச்சியை இழுக்க நினைத்த இடத்துக்கு ஒரு முழம் முன்னதாகத் தானே கிளம்பியது.

அதற்குப் பிறகு நான்கு நிமிடம் அவன் யாரையும் ஏளனமாக நினைக்கவில்லை. நினைக்க இடமில்லை. சக்கரங்கள் உள்ளே போயின, நாற்பத்தோராவது தடவை. காட்டு விளிம்பில் விமானம் வெள்ளித் தகடாகப் படுத்துத் திரும்பியது. அவர்கள் தலைக்குமேல் வந்தபோது சத்தம் அதற்குப் பின்னால் ஓடிவருவது போல இருந்தது. எதையும் அவன் திருத்த வேண்டியிருக்கவில்லை. விரலைத் தளர்த்தினால் விமானம் நேராகப் போயிற்று. ஒரு முறை நிஜமாகவே விரலைத் தளர்த்தி, நேராகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சக்கரம் தரையைத் தொட்டு, வேகம் குறைந்து, டர்பைன் அணைந்தபோது தேவாலய மணி அடிக்க ஆரம்பித்தது. லோய்பிள் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து, மன்னித்தார்.

கூட்டம் ஓடிவந்தது. வெண்டலின் கைகொடுக்க வலது கையை ரிமோட்டிலிருந்து எடுத்தான். எல்லோரும் அவனைக் கடந்து விமானி அறைக்குப் போனார்கள். பத்திரிகைக்காரன் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கச் சொல்லிப் படம் எடுத்தான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதே பல்லோடு கெர்னோட் சிரித்தார். ஒரு நோயாளி அம்மாள், மேலே பயமாக இருந்ததா என்று கேட்டாள். கெர்னோட், திரும்பும்போது கொஞ்சம் தலை சுற்றியது என்றார்.

ஹெடி மட்டும் தம்பியிடம் வந்தாள். மீதி ரொட்டியை நீட்டினாள். "எப்பிடி இருந்துச்சு?"

"நேராப் போச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா. நேராப் போச்சு."

கூட்டம் பீர்க் கடைக்குக் கலைந்தபின், வெண்டலின் மடிப்பு மேசையில் நோட்டை விரித்தான். பறந்த நேரம் நான்கு நிமிடம் ஐந்து விநாடி. மிச்ச எரிபொருள் அறுநூற்று நாற்பது கிராம். கொஞ்சம் யோசித்து, கடிதத் தராசைப் பெட்டியிலிருந்து எடுத்துவைத்தான். விமானி அறையைத் திறந்து, தலையைக் கழற்றி, தராசின் நடுவில் முகம் மேலே இருக்கும்படி வைத்தான். லோய்பிள் அம்மாவின் தராசு பத்துப் பத்து கிராமாகத்தான் காட்டும்.

முந்நூற்று முப்பத்து நான்கு.

எண்ணை அடித்துத் திருத்தினான். *இன்றியமையாதது* என்பதை விட்டுவைத்தான். பிறகு வியாழக்கிழமைக்குத் திரும்பிப் போய், அடைப்புக்குறிக்குள் இருந்த பாராட்டை, மறுபக்கம் அச்சுப் பதியும் அளவுக்கு அழுத்தி அடித்தான்.